‘லா இலாஹ’வில் மூச்சு வாங்காதீர்கள்

‘லா இலாஹ இல்லல்லாஹ்’ என்பது இஸ்லாத்தின் நம்பிக்கை வாக்கியமான கலிமாவின் முதல் பகுதி. தமிழில் ‘இல்லை’ கடைசியில்தான் வரும். ‘அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் வேறு யாரும் இல்லை’ என்னும்போது காதில் முதலில் விழுவது அல்லாஹ். அரபியில் இது தலைகீழ். ‘லா இலாஹ’ என்றால் ‘வணக்கத்துக்குரியவன் எவனும் இல்லை’. அதற்கப்புறம்தான் ‘இல்லல்லாஹ்’, ‘அல்லாஹ்வைத் தவிர’. முதல் பாதியோடு நிறுத்தினால் கடவுள் மறுப்பாகிவிடும். குர்ஆன் ஓதும் கலையில் இப்படி நிறுத்துவதற்கு ‘வக்ஃப் கபீஹ்’ என்று பெயர், மோசமான நிறுத்தம்.

இஸ்லாத்தை ஏற்று, ‘அஷ்ஹது’ என்று தொடங்கும் ஷஹாதா கலிமாவைப் புதிதாகச் சொல்பவருக்குத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தத் தவறு சாதாரணமாக நடக்கிறது. நாலு நாலு அசையாக வெட்டினால் ‘அல்லா இலாஹ’வில் ஒரு வெட்டு விழும். இப்படிப் பிரியுங்கள்: அஷ்ஹது / அல்லா இலாஹ இல்லல்லாஹ் / வ அஷ்ஹது / அன்ன முஹம்மதர் ரஸூலுல்லாஹ். இரண்டாம் துண்டு நீளம்தான். அவர் தடுமாறினால் முழுசாகத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள், நடுவில் வெட்டாதீர்கள்.

அது ஏன் ‘அல்லா’? எழுத்தில் ‘அன் லா’. நூன் என்ற ‘ன்’, லாம் என்ற ‘ல்’லுக்குள் கரைந்து லாம் இரட்டிக்கிறது. எழுத்தைப் பார்த்து ‘அன் லா’ என்று பிரித்துச் சொல்பவர்களும் உண்டு, ‘அன்னலா’ என்பவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை.

நம் நாக்குக்கே உரிய பிழை இன்னொன்று. இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் நடுவே உடம்படுமெய் போட்டே பழகியவர்கள் நாம். அதனால்தான் ‘லா இலாஹ’ வேகத்தில் ‘லாயிலாஹ’ ஆகிறது. அரபியில் அங்கே ‘இ’யைத் தாங்கி நிற்பது ஹம்ஸா என்ற மெய், அதை விழுங்கிவிடக் கூடாது. ‘லா’வை நீட்டி, குரலை ஒரு கணம் கத்தரித்து ‘இ’யைத் தொடங்கினால் யகரம் ஓடிவிடும். முடிவில் ‘இல்லல்லா’ என்று ஹகரத்தைத் தொலைப்பதும் இதே வேகத்தால்தான்.

‘முஹம்மது அல்லாஹ்வின் தூதர்’ என்னும் பின்பகுதியில் ‘முஹம்மதுர்’ரா, ‘முஹம்மதர்’ரா? இரண்டும் சரி, இடம்தான் வேறு. ‘லா இலாஹ இல்லல்லாஹு முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்’ என்ற கலிமா தய்யிபாவில் அது எழுவாய், உகரம் வரும். ஷஹாதாவில் முன்னால் ‘அன்ன’ வந்துவிடுவதால் அகரமாக மாறும். மக்தப் என்ற ஓதற்பள்ளியில் பிள்ளைகள் முதலில் தய்யிபாவை மனனம் செய்வதால் அந்த உகரம் அடுத்ததிலும் ஒட்டிக்கொள்கிறது. தொழுகை அழைப்பான பாங்கில் கேட்கும் ‘ரஸூலல்லாஹ்’ இதைவிடப் பெரிய பிழை. ‘லு’ என்பது ‘ல’ ஆனால் பயனிலை காணாமல் போய், ‘அல்லாஹ்வின் தூதராகிய முஹம்மது...’ என்று வாக்கியம் அந்தரத்தில் தொங்கும்.

இனி பொருள். ‘அஷ்ஹது’ என்றால் சாட்சி சொல்கிறேன். தெரியாத விஷயத்துக்குச் சாட்சி கிடையாது. அறிவு முதலில், வாய் பிறகு. ‘இலாஹ்’ என்பதை ‘படைத்தவன்’ என்று பெயர்த்தால் கலிமா நீர்த்துப்போகும். வானங்களையும் பூமியையும் படைத்தது யார் என்று கேட்டால் நபியை எதிர்த்த மக்காவின் குறைஷிக் குலத்தாரும் ‘அல்லாஹ்’ என்றே சொல்வார்கள் என்கிறது குர்ஆன் (31:25). அவர்களோடு இருந்த வழக்கு வணக்கத்தைப் பற்றியது. ‘வணக்கத்துக்குரியவன்’ என்ற தமிழ் அதனால்தான் பொருத்தம். பெரியவர்கள் சொன்ன ‘நாயன்’ அழகான சொல், ஆனால் எஜமான் என்ற வாடைதான் அதில் தூக்கல்.

அரபி வாக்கியத்தில் பயனிலை மறைந்திருக்கிறது. ‘இலாஹ்’ என்பதை ‘வணங்கப்படுவது’ என்று மட்டும் எடுத்து, ‘இருக்கிறது’ என்று அதை நிரப்பினால், உலகத்தில் வேறு எதுவுமே வணங்கப்படவில்லை என்றாகும். கண்ணெதிரே அது பொய். எனவே அறிஞர்கள் பலரும் நிரப்புவது ‘ஹக்குன்’, உண்மையான. தமிழ்ப் பெயர்ப்புகளில் ‘உண்மையில்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

தொழுகையில் உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தில் விரல் உயர்த்துவதும் இந்த மறுப்பு, ஏற்பு கணக்குத்தான். ஹனஃபி சட்டமரபினர் ‘லா’வில் உயர்த்தி ‘இல்லல்லாஹ்’வில் தாழ்த்துவார்கள். ஷாஃபி மரபினர் ‘இல்லல்லாஹ்’ சொல்லும்போது உயர்த்தி அப்படியே வைத்திருப்பார்கள். பக்கத்தில் தொழுபவரின் விரல் வேறு நேரத்தில் எழுந்தால் அவர் மறந்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

முதல் பகுதியில் அலிஃப், லாம், ஹா என்ற மூன்று எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப வந்து பன்னிரண்டாகின்றன. மூன்றுக்கும் உதடு ஒட்ட வேண்டியதில்லை. ஸக்ராத் என்ற மரணத் தறுவாயில் கிடப்பவருக்கு நினைவூட்டச் சொல்லப்பட்டதும் ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ என்ற இந்தப் பகுதிதான். ‘சொல்லுங்கத்தா, சொல்லுங்க’ என்று நச்சரிக்காதீர்கள். வேதனையில் அவர் சலித்து மறுத்துவிடக்கூடும். காது கேட்கும் தூரத்தில் நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள். அவர் ஒரு முறை சொல்லிவிட்டால் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு அவர் தண்ணீரோ வேறு எதுவோ கேட்டுப் பேசினால், மறுபடி ஒரு முறை சொல்லுங்கள்.