இருபது கோலிக்குண்டு

போன வாரம் பெங்களூரு அல்சூர் சந்தையில் இருபது கோலிக்குண்டு வாங்கினேன். "பையனுக்கு எத்தனை வயசு சார்?" என்றார் கடைக்காரர். பத்து வாரம் என்று சொல்லவா முடியும்?

யெலஹங்கா பக்கம் ஓர் ஆய்வகத்தில் எலிகளோடுதான் எனக்கு வேலை. கூண்டில் மரத்தூளைக் கனமாகப் பரப்பி, மேலே கோலிகளை வரிசையாக வைத்து எலியை விடுவோம். சாதாரண எலி அரை மணி நேரத்தில் பெரும்பாலானவற்றைப் புதைத்துவிடும். ஏஞ்சல்மன் என்கிற, மூளையைப் பாதிக்கும் மரபணுக் குறைபாடு உள்ள எலி பாதியைக்கூடத் தொடாது.

கீழ்வீட்டு அக்காவின் மகளுக்கும் ஏஞ்சல்மன்தான். ஒன்பது வயது. பேச்சு வரவில்லை, ராத்திரி தூக்கமில்லை, தண்ணீரைக் கண்டால் மட்டும் ஒரே சிரிப்பு.

"எலிக்கு 2015லயே மருந்து வேலை செஞ்சுதாமே தம்பி, இன்னும் ஏன் எங்களுக்கு வரல?" மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டார்.

யூபிஇ3ஏ என்கிற மரபணு 15ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மூளை நரம்பணுக்களில் அம்மா தந்த பிரதிதான் வேலை செய்யும்; அப்பா தந்ததை ஒரு நீளமான ஆர்என்ஏ அடக்கி வைத்திருக்கும். அம்மா பிரதி போய்விட்டால் ஏஞ்சல்மன் வரும்... இதைச் சொல்லும்போதே அக்காவின் முகம் வாடிவிட்டது. மாமியார் ஏற்கனவே என்னென்ன சொல்லியிருப்பாரோ! பெரும்பாலான குழந்தைகளுக்கு குரோமோசோமில் அந்தத் துண்டு புதிதாக அறுந்து போனதுதான், அம்மாவுக்கே அந்தக் குறை இருப்பதில்லை என்று அவசரமாகச் சொன்னேன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மருந்து என்பது சுமார் இருபது மரபணு எழுத்துள்ள ஒரு துணுக்கு. அந்த ஆர்என்ஏவில் போய் ஒட்டி அதை வெட்ட வைக்கும், அப்பா பிரதி விழித்துக்கொள்ளும். ஆனால் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். 2015இல் கொடுத்தது எலியின் வரிசைக்கு எழுதியது. நினைவாற்றல் ஓரளவுக்குத் தேறியது. அந்த இடத்தில் நம் எழுத்து வேறு. அதனால் மனிதருக்கான மருந்தைச் சும்மா எலியில் போட்டுப் பார்த்துப் பயனில்லை. எலியின் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மனித வரிசையை வைத்து வளர்க்கிறோம். இப்போது ஆட்களுக்கும் முதுகுத்தண்டில் ஊசி போட்டுச் சோதிக்கிறார்கள்.

"அப்போ அந்த எலி இவள மாதிரி சிரிக்குமா?"

"இல்லக்கா. மருந்து போய் ஒட்டுதான்னு சொல்லும். பாப்பா பேசுவாளான்னு சொல்லாது."

பேசிக்கொண்டிருந்தபோதே பாப்பா என் பையைக் கவிழ்த்திருந்தாள். "வாயில போட்டுக்குவா!" என்று அக்கா ஓடினார். பொறுக்கி எண்ணினால் பத்தொன்பது. வாயைத் திறந்து பார்த்தோம், கட்டிலுக்கடியில் தேடினோம். பாப்பா குளியலறை வாளியைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடியில் பச்சைக்கோலி கிடந்தது.