ஜாகட் அலையன்ஸ் 2: 1.13 மாட் போடும் முன்
1999-இல் வந்த கூலிப்படைக் கணினி விளையாட்டு ஜாகட் அலையன்ஸ் 2-ஐ இன்றும் உயிரோடு வைத்திருப்பது ரசிகர்கள் உருவாக்கிய 1.13 மாட்தான் (மாட் என்றால் மூல விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் தொகுப்பு). அத்தனை உழைப்பு அதில்!

மூல விளையாட்டைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாதீர்கள். அங்கே எழுத விண்டோஸ் தடுக்கும். சேவ், செட்டிங்ஸ் எல்லாம் குழம்பும். வெளியே தனி ஃபோல்டர் போட்டு, விளையாட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அதன் மேலேயே மாட் கோப்புகளைக் காப்பி செய்யுங்கள். பழைய டேட்டா ஃபோல்டர் அப்படியே இருக்கட்டும், மாட் அதையும் படிக்கிறது. பழைய சேவ் ஓடாது, புது ஆட்டம்தான்.

புதியவர்கள் ஐஎன்ஐ எடிட்டரில் (மாட்டின் அமைப்புகளை மாற்றும் கருவி) டிராசன் என்ற ஊரின் மீதான எதிர்த்தாக்குதலை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஊரைப் பிடித்த கையோடு எதிரியான ராணியின் பெரும்படை வந்து இறங்கும். கைத்துப்பாக்கியோடு நிற்கும் நாலு கூலி வீரர்கள் தாங்க மாட்டார்கள்.