காற்றில்லாத காலை

மலேசியாவின் தெலுக் இந்தான் நகரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள்தாம். அவற்றில் ஒன்றில், பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவுக்குக் கன்று வைத்திருந்த வெளியில், தரையோரக் காற்றின் கொந்தளிப்பை அளக்கும் வேலை எனக்கு. கம்பத்தில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒலிக் காற்றுமானி. சுழலும் கிண்ணம் எதுவும் அதில் கிடையாது. எதிரெதிரே நிற்கும் மூன்று ஜோடி உணரிகள் ஒலித்துடிப்பை அனுப்பி வாங்கும். காற்றோடு போகும் ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்து வருவது தாமதிக்கும். அந்த வித்தியாசத்தில் வேகம் தெரிந்துவிடும். வெப்பநிலையும் அதிலேயே கிடைக்கும்: ஒரு டிகிரி கூடினால் ஒலி வினாடிக்கு 0.6 மீட்டர் கூடுதலாக ஓடும். வினாடிக்கு 20 தடவை பதிவாகும்.

கருவியை நிமிர்த்தி வைப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். ஒரு டிகிரி சாய்ந்தாலும், வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கிடையாக வீசும் காற்று, 5 சென்டிமீட்டர் வேகத்தில் மேலேயோ கீழேயோ போவதாகக் கணக்கில் ஏறிவிடும். பிறகு திருத்தலாம்தான், ஆனாலும் கோணல் குறைவாக இருப்பது நல்லது. “நம்ம ஊர்ல 1885-இல் கட்டின சாய்ந்த கோபுரமே இன்னும் நிக்குது, நீங்க ஏன் குமிழ்மட்டத்தோட மல்லுக்கட்டுறீங்க?” என்று தோட்டத்து எழுத்தரான கிராணி கேலி செய்வார்.

யோசிக்க வைத்தது விடியற்காலைப் பதிவு. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு முடிந்ததும் களைக்கொல்லி மருந்து அடிக்கும் பெண்கள் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். “காத்தே இல்ல தம்பி, மருந்து அடிக்க இதான் நேரம்” என்பார் அவர்களை மேய்க்கும் மேற்பார்வையாளரான மண்டோர்.

பாதி சரி. பெரிய துளிகள் நேரே விழுந்துவிடும். ஆனால் மேகமில்லாத இரவில் தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடும். மேலே இளஞ்சூடு. அப்போது திரையில் செங்குத்து வேகத்தின் கோடு ஏறக்குறைய அசையாது. நுண்துளிகள் இறங்கவும் மாட்டா, மேலே கலந்து நீர்த்துப் போகவும் மாட்டா. கிண்ணக் காற்றுமானி சுழியம் காட்டும் அளவு மெல்லிய நகர்வில் அப்படியே மிதந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம்கூடப் போகலாம். அடிக்கிற பெண்கள் அதற்குள்ளேயே நிற்கிறார்கள்.

வெயில் ஏறியதும் படம் மாறும். வெப்பநிலைக் கோடு மெல்ல ஏறிச் சட்டென்று விழும், மறுபடி ஏறும், மறுபடி விழும். ரம்பப் பல் மாதிரி. தரையில் சூடேறிச் சேர்ந்த காற்றை மேலிருந்து வரும் வீச்சு ஒன்று வாரிக்கொண்டு போகிற கணம்தான் அந்தச் சரிவு.

மண்டோரிடம் திரையைக் காட்டினேன். அவர் திரையைவிட்டு, லயத்துக்குப் பின்னால் குப்பை கொளுத்திய புகையைப் பார்த்தார். அது எழும்பாமல் படுத்துக் கிடந்தது. “இதத்தானே சொல்ற?” இதேதான்.

“எழும்புற வரைக்கும் பொறுக்கலாமே அண்ணே.”

“பொறுக்கலாம். மத்தியானம் மழை வந்து மருந்தைக் கழுவிட்டா மேல யார் பதில் சொல்றது?”

அவர் கேட்டதும் நியாயம்தான். களைக்கொல்லி இலையில் ஊறவும் நேரம் வேண்டும். ஆகவே அறிக்கையில், காற்று குறைந்த நேரம் நல்லது என்று வெறுமனே எழுதவில்லை. புகை கலையத் தொடங்கியபின் ஆரம்பித்து, காற்று வலுக்கும் முன் முடிக்கச் சொன்னேன். பெரட்டைத் தள்ளிப்போடுவது மேனேஜர் கையில்.