கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல

தோல் மருத்துவரான என்னிடம் வரும் பெண்களில் பலர், தங்களுக்கு பிசிஓஎஸ் எனும் சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருப்பதே தெரியாமல்தான் வருகிறார்கள். முகத்தில் ரோமம், தாடையோரம் ஆறாத பரு, அகன்றுகொண்டே போகும் வகிடு, கழுத்தைச் சுற்றிக் கருமை என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்ட பிறகே, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் என்ற பதில் தயங்கித் தயங்கி வரும். கல்யாணமாகாத பெண்ணை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போனால் ஊர் என்ன பேசுமோ என்ற பயம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை.

அந்தக் கழுத்துக் கருமை படுத்தும் பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது உடல் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகுதியால் கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கிறது. அதே இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுவதால்தான் தாடையில் முடி முளைக்கிறது. வீடுகளில் இது தெரியாது. "ஒழுங்காகத் தேய்த்துக் குளிக்க மாட்டாள் டாக்டர்" என்று பெண்ணை வைத்துக்கொண்டே சொல்வார்கள். பீர்க்கங்காய் நாரும் எலுமிச்சம்பழமும் கொண்டு தேய்த்து, கறுப்பின் மேல் சிவந்த கீறல்களோடு வந்த கழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலிலும் துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றியிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, அதை எடுக்கச் சொன்னதும் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். இது அழுக்கில்லை, தேய்த்தால் போகாது என்று விளக்கினேன். "அம்மாவைக் கூப்பிடுகிறேன், இதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள் டாக்டர்" என்றாள்.

முகத்திலும் உடலிலும் மிகையாக வளரும் ரோமத்தை அளக்க ஃபெரிமன்–கால்வே அட்டவணை இருக்கிறது. உடலில் ஒன்பது இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். முடியை அது அளந்துவிடும், வேதனையை அளக்காது. மதிப்பெண் குறைவாக இருந்தும் தினமும் விடியுமுன் எழுந்து, வீட்டார் பார்க்காமல் தாடை முடியைப் பிடுங்கும் பெண்கள் இருக்கிறார்கள். பேசும்போது கை தானாக வாயை மறைக்கும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பல நாட்களுக்குத் தூக்கமிருக்காது. இவர்களிடம் "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று மருத்துவர்களே சொல்லி அனுப்புவது எனக்குக் கோபமூட்டுகிறது. "முதலில் எடையைக் குறை" என்று அதட்டுவதும் அப்படித்தான். எடை எளிதில் ஏறுவதற்கும் இந்தக் கோளாறே ஒரு காரணம் என்பதை அவளுக்கு யார் சொல்வது?

2023இல் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், பிசிஓஎஸ் உறுதியானதுமே மனச்சோர்வும் பதற்றமும் உள்ளதா என்று எல்லாப் பெண்களிடமும் கேட்கச் சொல்கிறது. துணைக்கு வந்தவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நானும் கேட்கிறேன். கடந்த இரண்டு வாரங்களில் எதிலாவது ஈடுபாடு குறைந்ததா? மனம் சோர்ந்தே இருந்ததா? உடனே பதில் வராது, காத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதுவேன். போகத் தயங்கினால், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐக் குறித்துக் கொடுப்பேன். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். முக முடியைக் குறைக்கும் மாத்திரை பலன் காட்ட ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும், அதுவரை திரெடிங்கோ லேசரோ செய்துகொள்வதில் தவறே இல்லை. இதைச் சொல்லாவிட்டால், இரண்டாம் மாதமே தன் உடம்பு எதற்கும் கட்டுப்படாது என்று முடிவுகட்டி, சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள்.