இதில் உங்களுக்கு என்ன கிடைக்கும்?

அப்பா ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையை ஒரு முதலீட்டு ஆலோசகரிடம் ஒப்படைத்தார். நல்ல பேச்சு, பிறந்தநாள் தவறாமல் வாழ்த்து. பதினோரு ஆண்டுகளில் அப்பா அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பார்வை மங்கிய பிறகு கணக்குப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிக்கைகளை ஆண்டுவாரியாக மேசையில் அடுக்கி, பென்சிலோடு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் பச்சைக் கோடு ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. செலவு எவ்வளவு என்பது மட்டும் கண்ணில் படவில்லை. திட்ட ஆவணத்தின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் அகப்பட்டது: ஃபண்டின், அதாவது பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதியின், செலவு விகிதம் ஆண்டுக்கு 1.2 சதவீதம். அதை நடத்துவதற்காக நம் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் பங்கு அது. ஆலோசனைக் கட்டணம் தனியாக 0.8. மொத்தம் 2.

"இரண்டுதானே அம்மா?" என்றார் அப்பா.

நூறு போட்டதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் பதினோரு ஆண்டில் 210. இரண்டு கழிந்து 5 சதவீதமாக வளர்ந்தால் 171. அப்பாவின் லாபம் 110 ஆக இருந்திருக்க வேண்டியது, 71. எனக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. அதற்கும் போட்டுப் பார்த்தேன். 761 எங்கே, 432 எங்கே! இரண்டு சதவீதம் என்பது கணக்கில் இருக்கும் மொத்தப் பணத்தின் மீதுதான் இரண்டு. அந்த ஆண்டு ஈட்டிய ஏழிலிருந்து பார்த்தால் கால்வாசிக்கும் மேல். அப்பா பென்சிலை வாங்கி, தாமே ஒருமுறை கழித்துப் பார்த்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

ஃபண்டின் செலவுக்கு யாரும் ரசீது அனுப்புவதில்லை. நாள்தோறும் துளித்துளியாகக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் யூனிட் மதிப்பு, அதாவது ஃபண்டில் நம்முடைய ஒவ்வொரு பங்கின் மதிப்பு, என்று காட்டுகிறார்கள். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் எங்களுக்கு உறைக்கவில்லை.

அடுத்த மாதம் அந்த ஆலோசகர் புதிய திட்டம் ஒன்றோடு வந்தார். அவர் காட்டிய வரைபடம் 2009 மார்ச்சில் தொடங்கியது. உலகச் சந்தைகள் விழுந்து தரையைத் தொட்டிருந்த மாதம் அது. அங்கிருந்து எதை வரைந்தாலும் ஏறத்தான் செய்யும். அந்த மாதத்துக்கு ஈராண்டு முன்பிருந்து வரைந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவில்லை.

"இதை நாங்கள் வாங்கினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்றும் கேட்டேன். பேனாவை மூடி, கோப்பின் மேல் வைத்தார். "அது கம்பெனி கொடுப்பது மேடம். உங்கள் பணத்தில் இருந்து இல்லை."

கம்பெனிக்கு அது எங்கிருந்து வருகிறது? ஃபண்டில் போட்டவர்களின் பணத்திலிருந்துதான். அந்தப் பதிலோடு எனக்கு முடிவு தெளிந்துவிட்டது.

கெட்டிக்கார மேலாளர் என்றால் கட்டணத்தையும் மீறிச் சம்பாதித்துத் தருவார் என்று நானும் நம்பியிருந்தேன். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் கட்டி, 2008இல் தொடங்கிய பந்தயத்தைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை தளர்ந்தது. ஒரு பக்கம் எஸ்&பி 500 என்ற, பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பங்குக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட். மறுபக்கம் நிபுணர் ஒருவர் தேர்ந்தெடுத்த ஐந்து நிதிகள். ஒவ்வொன்றும், பெரும் பணக்காரர்களுக்கும் நிறுவனங்களுக்குமான ஹெட்ஜ் ஃபண்டுகள் பலவற்றில் பணத்தைப் பிரித்துப் போட்டது, ஆகவே கட்டணமும் இரண்டு அடுக்கு. 2017 முடிவில் இண்டெக்ஸ் ஃபண்டின் லாபம் 125.8 சதவீதம். ஐந்தில் மிகச் சிறந்ததன் லாபம் 87.7.

ஆலோசனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கமிஷன் வாங்காமல், ஆண்டுக்கு ஒரு நிலையான கட்டணம் மட்டும் பெறுகிற ஒருவரிடம் இப்போது போகிறோம். 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது, எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று அப்பா பதறினார். புதிய ஆலோசகர் தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான்: "ஐந்து ஆண்டுச் செலவுக்கான பணம் வைப்பில் இருக்கிறது ஐயா. மீதியை இன்று தொட வேண்டிய அவசியம் என்ன?" அப்பா விற்கவில்லை. அந்த ஆண்டுக் கட்டணத்தை மனநிறைவோடு கொடுத்தேன்.

ஆண்டு முடிவில் நானும் அப்பாவும் நோட்டை எடுத்து உட்காருகிறோம். மொத்தச் செலவைச் சதவீதமாக இல்லாமல் தொகையாக, முதல் வரியில் நான் எழுதுகிறேன். லாபத்தை அதற்குக் கீழே எழுதச் சொல்கிறார் அப்பா.