பின்னத்த இன்டகிரேட் பண்ண ஒரே ரூல் ஏன் இல்ல?

டிஃபரன்ஷியேஷன்ல கோஷன்ட் ரூல் (பின்னத்த டிஃபரன்ஷியேட் பண்ற ரூல்) படிச்ச கையோட இன்டகிரேஷனுக்கு வந்தப்போ நானும் அதே மாதிரி ஒரு ரூல் இருக்கும்னுதான் தேடினேன், கிடைக்கலன்னதும் மேல தனியா கீழ தனியா இன்டகிரேட் பண்ணி வகுத்துட்டேன். அது தப்பு. எக்ஸ் ஸ்கொயர் பை எக்ஸ் எடுத்துக்கோங்க, அது வெறும் எக்ஸ், விடை எக்ஸ் ஸ்கொயர் பை 2, ஆனா தனித்தனியா பண்ணா 2 எக்ஸ் பை 3னு வருது. எல்லா பின்னத்துக்கும் வேலை செய்யற ரூல் இருக்கவும் முடியாது, ஏன்னா சைன் எக்ஸ் பை எக்ஸ் மாதிரி சின்ன பின்னத்துக்கே நமக்கு தெரிஞ்ச ஃபங்ஷன்கள வச்சு விடை எழுத முடியாது.

அதனால ரூல் தேடறத விட்டுட்டு மேல இருக்கறதுக்கும் கீழ இருக்கறதுக்கும் என்ன உறவுன்னு பாக்கணும். கீழ எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 1 அப்படியே இருக்கட்டும், மேல மட்டும் மாத்தலாம். மேல 2 எக்ஸ்னா அது கீழ இருக்கறதோட டெரிவேட்டிவ், விடை லாக். மேல வெறும் 1னா டேன் இன்வர்ஸ். மேல 2 எக்ஸ் பிளஸ் 3னா ரெண்டா பிரிச்சா லாக்கும் வரும் டேன் இன்வர்ஸும் வரும். மேல எக்ஸ் ஸ்கொயர் வந்தாதான் நிறைய பேர் சப்ஸ்டிடியூஷன்ல இறங்கி மாட்டிக்கறாங்க, மேல 1 கூட்டி 1 கழிச்சாலே போதும், முதல் பாகம் 1 ஆயிடும், விடை எக்ஸ் மைனஸ் டேன் இன்வர்ஸ் எக்ஸ். எனக்கு இந்த சாப்டர்லயே ரொம்ப பிடிச்ச வரி இதுதான். (பிளஸ் சி எல்லாத்துக்கும் உண்டு, மறந்துடாதீங்க.) மேல இருக்கறதோட படி (எக்ஸோட அதிகபட்ச பவர்) கீழ இருக்கறதோட படிக்கு சமமாவோ அதிகமாவோ இருந்தா முதல்ல வகுத்துடுங்க, மீதி தானா வழிக்கு வரும்.

கீழ பிளஸ்ஸுக்கு பதில் மைனஸ் 1 வந்தா கதையே வேற, எக்ஸ் மைனஸ் 1, எக்ஸ் பிளஸ் 1னு காரணியாகும், பகுதி பின்னம் போட்டா, அதாவது ஒவ்வொரு காரணியும் தனியா கீழ வர மாதிரி ரெண்டு சின்ன பின்னமா பிரிச்சா, டேன் இன்வர்ஸுக்கு இடமே இல்ல, ரெண்டு லாக் வரும்.

இந்த பகுதி பின்ன முறையப் பத்தி 1702ல எழுதின, கால்குலஸ உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான லைப்னிட்ஸே, எக்ஸ் பவர் 4 பிளஸ் 1 கீழ வந்தா அத மெய்யெண் காரணியா உடைக்க முடியாதுன்னு நினைச்சார். உடைக்கலாம். 2 எக்ஸ் ஸ்கொயர கூட்டி கழிச்சா எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 1 முழுசும் ஸ்கொயர், மைனஸ் ரூட் 2 எக்ஸ் முழுசும் ஸ்கொயர்னு ஆகும், அப்புறம் ரெண்டு வர்க்கத்தோட வித்தியாசம்தானே, தானா ரெண்டு காரணியா பிரிஞ்சிடும். மேல பாத்த அதே கூட்டி கழிக்கிற வேலதான், இந்த தடவ கீழ.