சிபேப் மாஸ்க்கோடு முதல் இரண்டு வாரம்

குறட்டை விடுகிறவரைப் பார்த்து "என்னமா அசந்து தூங்குறார்!" என்பார்கள். அந்தக் குறட்டை சட்டென்று நின்று, சில விநாடி சத்தமே இல்லாமல் போய், பெரிய திணறலோடு மறுபடி தொடங்கினால் அது அசந்த தூக்கமே அல்ல. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். மாஸ்க் வழியாகத் தொடர்ந்து காற்றைச் செலுத்தி அந்தப் பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும் கருவிதான் சிபேப். காலையில் தலைவலி, வறண்ட வாய், ராத்திரியில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொருகுவது இவையும் சேர்ந்திருந்தால் தூக்கப் பரிசோதனையை, அதாவது உடம்பில் ஒயர்களை ஒட்டி ஒரு ராத்திரி தூக்கத்தையும் மூச்சையும் பதிவு செய்வதை, தள்ளிப்போட வேண்டாம்.

பரிசோதனை இரவன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஒயர் ஒட்டாது. மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல், சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "இத்தனை ஒயரோடு தூக்கம் வருமா?" என்று கேட்காதவர் இல்லை. வீட்டில் தூங்குவதுபோல் வராதுதான், ஆனால் பெரும்பாலும் தேவையான அளவு பதிவாகிவிடும்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஏஎச்ஐ. மூச்சு குறைந்தபட்சம் 10 விநாடி நின்றதோ வெகுவாகக் குறைந்ததோ மணிக்கு எத்தனை தடவை என்ற கணக்கு அது. 5-க்குள் இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

சிபேப் கருவி கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. பலர் கைவிடுவது கருவியால் அல்ல, மாஸ்க்கால். கடையில் உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். படுத்ததும் கன்னம் சரிந்து காற்று கண்ணுக்குள் அடிக்கும். அதனால் படுத்த நிலையில், கருவியை ஓடவிட்டு, பட்டையைச் சரிசெய்யுங்கள். காற்று கசிகிறதென்று இறுக்கிக்கொண்டே போவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. இறுக்கினால் மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு மடங்கி இன்னும் கசியும், மூக்குத் தண்டில் புண் வரும். பட்டையைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக முன்னே இழுத்து, காற்றில் விரிய விட்டு மெல்ல உட்காரவையுங்கள். முகத்தில் எண்ணெயோ கிரீமோ இருந்தால் அது வழுக்கும். சிலிக்கோன் பகுதியைத் தினமும் மென்மையான சோப்பால் கழுவுங்கள். அடர்ந்த மீசைக்காரர்களுக்கு மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் வகை ஒத்துவரும்.

காலையில் வாய் காய்ந்து கிடந்தால் தூக்கத்தில் வாய் திறக்கிறது என்று பொருள். முதலில் மூக்கடைப்பைக் கவனியுங்கள், கருவியில் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாற வேண்டியதுதான். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் கோத்து முகத்தில் தெறித்தால், குழாய்க்குத் துணியுறை போட்டு, கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே ஒரு ஸ்டூலில் வையுங்கள். காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) தான். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும்.

மூச்சு முட்டுவதுபோல் பயம் வந்தால் பகலில் டிவி பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையையோ மதுவையோ தொடவே கூடாது. இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்.

தினமும் காலையில் திரையில் உபயோகித்த நேரம், கசிவு, ஏஎச்ஐ மூன்றையும் பாருங்கள். தூங்கும் நேரம் முழுக்கப் போடுவதுதான் இலக்கு. ராத்திரிக்கு 4 மணி நேரத்துக்குக் கீழே போகவே விடாதீர்கள். இரண்டு வாரம் கழித்தும் ஏஎச்ஐ 5-க்கு மேலேயே நின்றால் காற்றழுத்தத்தை நீங்களே கூட்டாமல், கருவியில் உள்ள மெமரி கார்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.